கீழே ஓடும் எழுத்து

உக்காருங்க தம்பி. அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க. ஹெச்.எம். நாகரத்தினம் டீச்சர் மீட்டிங் போயிருக்கறாங்க, வர்றதுக்குப் பொழுது சாஞ்சுரும். அவங்க இல்லாதப்ப நான்தான் பொறுப்பு. என் பேரு சென்னியப்பன். ஆறு, ஏழு, எட்டு மூணு வகுப்புக்கும் சமூக அறிவியல்.

திருப்பூர்ல இருந்து வர்றீங்களா? தாமோதரன் கம்பெனியா. சரி சரி. டி.வி.யைப் பாத்துட்டு வரச் சொல்லி அனுப்பிச்சாங்களா. பாக்கலாம், அது எங்கயும் ஓடிப் போயிராது. ஆனா எனக்கு ஒண்ணு சொல்லுங்க. போன ஜூன்ல குடுத்தது. இத்தனை நாளா எட்டிப் பாக்காத ஆளுங்க, ஹெச்.எம். இல்லாத நாளாப் பாத்து எதுக்கு வர்றீங்க? தற்செயலா வந்தேங்கறீங்க. இருக்கும். நான் ஒண்ணும் சொல்லலை. கேட்டு வெச்சுக்கறேன், அவ்வளவுதான்.

டீ சொல்லட்டுங்களா? வேண்டாமா. டீயும் வேண்டாங்கறீங்கன்னா அவசரத்துல இருக்கறீங்க. சித்தெ உக்காருங்க. டி.வி.யைப் பாக்கறதுக்கு முன்னால அதைப் பத்தி ஒரு சேதி தெரிஞ்சுக்கோணும். வேற யாராச்சும் உங்களுக்கு மாத்திச் சொல்றதுக்குள்ள நானே சொல்லிடறேன்.

எனக்கு அது மேல ஆரம்பத்துல இருந்தே நம்பிக்கை இல்லைங்க.

தாமோதரன் இங்க படிச்சவன்தான். என்கிட்டயே படிச்சிருக்கறான், சமூக அறிவியல்ல சுமார். பனியன் கம்பெனி வெச்சு நல்லா வந்துட்டான், சந்தோசம். ஆனா ஒருத்தன் சும்மா எதுக்குங்க அவ்வளவு பெரிய டி.வி.யைக் கொண்டாந்து மாட்டறான்? சுவத்துக்குச் சுண்ணாம்பு அடிச்சுக் குடுன்னு கேட்டோம். கக்கூசுக்குக் கதவு போட்டுக் குடுன்னு கேட்டோம். அதையெல்லாம் விட்டுப்போட்டு டி.வி. கக்கூசுக் கதவு பக்கத்துல நின்னு யாரும் போட்டோ எடுத்துக்க மாட்டாங்கல்ல, அதான்னு நான் நெனச்சுக்கிட்டேன். நீங்க போய்ச் சொன்னாலும் சரி, எனக்கு ஒண்ணுமில்ல.

ஏழாம் வகுப்புச் சுவத்துல மாட்டுனாங்க. கரும்பலகைக்குப் பக்கத்துல. திரைக்குக் கீழ நடுவால ஒரு கறுப்புப் புள்ளி இருக்குது, கவனிச்சிருக்கறீங்களா? உளுந்து அளவு. எல்லாரும் போனப்பறம் கிட்டப் போய்ப் பாத்தேன். கண்ணு மாதர மினுங்குச்சு. எவனோ எங்கயோ உக்காந்துக்கிட்டு இதுக்குள்ளார இருந்து நாம பாடம் நடத்தறதைப் பாக்கறான்னு எனக்குப் பட்டுது. முதலுதவிப் பெட்டியில பிளாஸ்டர் இருந்துச்சு, ஒண்ணை எடுத்து ஒட்டி விட்டேன். அதுக்கப்பறம் ரிமோட்டு வேலை செய்யலை. பேட்டரி மாத்திப் பாத்தாங்க, தட்டிப் பாத்தாங்க. பவானியில இருந்து மெக்கானிக் வந்து பிளாஸ்டரை உரிச்சுப்போட்டு, "யாருங்க இதுக்கு வைத்தியம் பாத்தது"ன்னு சிரிச்சான். ரிமோட்டோட வெளிச்சம் போறதுக்கான இடமாம் அது. இருக்கலாமுங்க. வெளிச்சம் போற இடம் எதுக்கு அப்படி மினுங்கோணும்?

சரி, விசயத்துக்கு வர்றேன்.

அறிவியலுக்குப் புதுசா ஒரு டீச்சர் வந்திருந்தாங்க. சங்கவின்னு பேரு. தருமபுரிப் பக்கம். வயசு முப்பது ஆகியிருக்காது. அந்தம்மாவுக்கு டி.வி. வந்தது கும்புட்ட சாமி நேர்ல வந்த மாதர ஆயிருச்சு. இதயம் துடிக்கறதைக் காட்டுனாங்க. விதை முளைக்கறதைக் காட்டுனாங்க. ஒரு வாரம் ஆகுற சமாச்சாரம், கண்ணு மூடித் தொறக்கறதுக்குள்ள முளைச்சு, ரெண்டு இலை விட்டு நிக்குது. புள்ளைங்க வாயைப் பொளந்துக்கிட்டுப் பாக்குது. நான் கேட்டேன், "டீச்சர், நாளைக்கு இந்தப் புள்ளைங்க தோட்டத்துல வெதையைப் போட்டுட்டு, இன்னும் முளைக்கலையேன்னு மண்ணைத் தோண்டிப் பாக்கும், பரவால்லீங்களா?" சிரிச்சாங்க. நான் சிரிக்கறதுக்குச் சொல்லலை.

அவங்க பாடம் முடிஞ்சு அடுத்த பீரியட் எனக்கு. அதுதான் கெரகம். நான் உள்ள போனா, சினிமாக் கொட்டாய்ல இருந்து வெளியில வந்தவங்க மாதர உக்காந்திருக்குது எல்லாம். நான் கைபர் கணவாயைக் கையை வெச்சுக் காட்டுவேன். இந்தா, இந்த முட்டி ஒரு மலை. இந்த முட்டி ஒரு மலை. நடுவால சந்து. நான் வேலைக்குச் சேந்த நாள்ல இருந்து எல்லாப் படையும் இந்தச் சந்து வழியாத்தான் வந்துச்சு. ஒரு பயலும் கொறை சொன்னதில்லை. அன்னைக்கு ஒருத்தன் எந்திரிச்சு, மரியாதையாத்தான் கேட்டான், "சார், இதைக் கொஞ்சம் வேகமா ஓட்டுங்க சார்"னான்.

ஓட்டறதாம். என்னை.

நீங்க சிரிக்கறீங்க. அதுக்கு முன்னால புள்ளைங்க கேள்வி கேக்கும் தம்பி. அந்தக் கணவாயில கடை கண்ணி இருந்துச்சுங்களா, ஆனைய எப்படி ஏத்துனாங்கன்னு கேக்கும். டி.வி. வந்ததுக்கப்பறம் அது நின்னு போச்சு. டி.வி.கிட்ட யாருங்க கேள்வி கேப்பாங்க? அது பாட்டுக்குப் பேசிக்கிட்டே போவுது. புரிஞ்சவன் யாரு புரியாதவன் யாருன்னு அதுக்குத் தெரியுமா? அது யாரு மூஞ்சியையும் பாக்கறதில்லை. நான் அப்படியில்லைங்க. கரும்பலகையில எழுதிக்கிட்டே இருப்பேன், ஆனா முதுகுலயே எனக்குக் கண்ணு. எந்தப் புள்ளைக்குப் புரியலைன்னு திரும்பாமயே சொல்லிருவேன்.

இன்னொண்ணு. ஒருநாள் தவளையைப் பத்தி ஒரு பாடம் ஓடி முடிஞ்சுது. சங்கவி டீச்சர் யாரோ கூப்பிட்டாங்கன்னு வெளிய போனாங்க. பாடம் முடிஞ்சா அதுவா நிக்கோணுமில்ல? நிக்கலை. அதுபாட்டுக்கு அடுத்ததுக்குப் போயிருச்சு. எவனோ ஒருத்தன் கெணத்துக்குள்ளார இருந்து ரத்த மூஞ்சியோட ஏறி வர்றான். டீச்சர் ஓடிவந்து நிறுத்தறதுக்குள்ள எல்லாம் பாத்தாச்சு. அந்த வகுப்புல ஒரு பொடியன் ஒரு வாரம் கெணத்துப் பக்கம் போகமாட்டேன்னுட்டான். அவங்க அப்பன் இங்க வந்து கத்துனது யாருகிட்டங்கறீங்க? டி.வி.கிட்டயா? என்கிட்ட. அதனால நான் சந்தேகப்பட்டது வெறும் சந்தேகமில்லைங்க. சங்கவி டீச்சரே ஒத்துக்கிட்டாங்க, தனியா ஓட விட்டது தப்புதான்னு. அதுக்கப்பறம் டி.வி.யை விட்டு நகர மாட்டாங்க.

இப்ப அந்தப் புள்ளைக்கு வர்றேன்.

கனிஷ்கான்னு ஏழாவதுல ஒரு புள்ளை. தறி ஓட்டற ஊட்டுப் புள்ளை. கடைசி பெஞ்சுல சன்னல் ஓரமா உக்காரும். ஆறாவதுல இருந்தே என்கிட்டப் படிக்குது. படிக்குதுன்னு சொல்றது வாய் வார்த்தைக்குத்தான். கேள்வி கேட்டா எந்திரிச்சு நின்னு என் மூஞ்சியையே பாக்கும். பதில் வராது. பேரைச் சொல்லிக் கூப்பிட்டாத் திரும்பாது, பக்கத்துல இருக்கறவ இடிச்சாத்தான் எந்திரிக்கும். நெம்ப அழுத்தமான புள்ளைன்னு முடிவு பண்ணிட்டேன். அடிக்கறதெல்லாம் இல்லைங்க, அந்தக் காலமெல்லாம் போச்சு. விட்டுட்டேன். பாஸ் பண்ணா என்ன பண்ணாட்டி என்னன்னு விட்டுட்டேன்.

காலாண்டுப் பரீட்சை வந்துச்சு. என் பாடத்துல அந்தப் புள்ளை பத்தொன்பது. அறிவியல்ல என்ன தெரியுங்களா? எண்பத்தாறு. வகுப்புலயே மொதல் மார்க்கு.

நீங்களா இருந்தா என்ன நெனைப்பீங்க?

அதையேதான் நானும் நெனச்சேன். சங்கவி டீச்சர் குடியிருந்தது அதே தறிக்காரத் தெருவுல. அந்தப் புள்ளையோட ஊட்டுக்கு நாலு ஊடு தள்ளி. காலையில ரெண்டு பேரும் ஒண்ணா நடந்து வருவாங்க. வினாத்தாள் முன்னாடியே கைக்குப் போயிருக்குது. எதுக்குன்னு கேட்டா, டி.வி. வந்ததால மார்க்கு வந்துச்சுன்னு காட்டறதுக்கு. காட்டுனா மேல ஆபீசுல நல்ல பேரு. எல்லாம் ஒண்ணுக்கொண்ணு கச்சிதமாப் பொருந்துச்சுங்க.

ஆனா நான் அவசரப்படலை. கண்ணால பாக்கோணும்னு, அவங்க பாடம் நடத்தறப்ப வராண்டாவுல சன்னல் ஓரமா நின்னேன். அந்தப் புள்ளை டீச்சரைப் பாக்கலை. டி.வி.ல படம் ஓடுது, அதைக்கூடச் சரியாப் பாக்கலை. திரையோட அடியில, கீழ் ஓரத்துல மட்டும் பாத்துக்கிட்டு இருக்குது. உதடு அசையுது. என்னடா அதுன்னு எட்டிப் பாத்தா, கீழ எழுத்து ஓடுதுங்க. தமிழ்ல. ஒரு வரி வருது, போவுது, அடுத்த வரி வருது.

பிடிச்சாச்சுன்னு உள்ள போயிட்டேன்.

"டீச்சர், கீழ என்னமோ ஓடுதே, அதென்ன?"

"அதுல பேசறதைத்தான் எழுத்தாக் காட்டுது சார்."

"காதுல கேக்கறதை எதுக்கு எழுதிக் காட்டோணும்?"

"வாசிக்கவும் பழகிக்குவாங்கன்னு போட்டு விட்டேன் சார். ஒருநாள் அது வரலை. அன்னைக்குக் கனிஷ்கா அழுதுட்டா. அதுல இருந்து எனக்கே ஒரு யோசனையா இருக்குதுங்க."

யோசனையாம். நான் கடைசி பெஞ்சுல உக்காந்துட்டேன். பென்சிலும் தாளும் எடுத்து, அந்தப் பாடம் முழுக்க, கீழ வந்த எழுத்தைக் குறிச்சேன். கேளுங்க இந்தக் கூத்தை. வேர்னு சொன்னா வேறுன்னு எழுதுது. இலைத்துளைன்னா இலை தொலைன்னு வருது. ஒளிச்சேர்க்கைங்கற இடத்துலயெல்லாம், சின்ன ல போட்டு, ஒலிச்சேர்க்கை. வெளிச்சம் போய்ச் சத்தம் வந்துருச்சு. இதைப் படிச்சா புள்ளைங்க உருப்படுமா?

அப்பத்தான் எனக்கு ஒண்ணு தோணுச்சு. போய் அந்தப் புள்ளையோட விடைத்தாளை எடுத்துப் பாத்தேன். இலை தொலை. ஒலிச்சேர்க்கை. அப்படியே இருக்குது. புத்தகத்துல சரியா இருக்குது, மத்த புள்ளைங்க சரியா எழுதியிருக்குது. இவ மட்டும் டி.வி. பண்ணுன தப்பையே பண்ணியிருக்கறா. அப்ப பரீட்சையப்ப இதை யாரோ போட்டுக் காட்டியிருக்கோணும். வேற எப்படீங்க வரும்?

எழுதிப்போட்டேன். மேல ஆபீசுக்கு. மொட்டைக் கடுதாசி இல்லைங்க, என் பேரு போட்டு, கையெழுத்துப் போட்டு. வினாத்தாள் வெளிய போயிருக்குதுன்னும், டி.வி.ல விடை காட்டறாங்கன்னும், அந்தக் கெணத்துப் பேயையும் சேத்தி எழுதினேன். 'எனக்குச் சந்தேகமாக உள்ளது'ன்னுதான் எழுதினேன். நடந்துச்சுன்னு எழுதலை. அந்த வித்தியாசத்தை நீங்க கவனிக்கோணும்.

அது ஹெச்.எம். காதுக்கு எப்படியோ போயிருச்சு. விசாரணைக்கு ஆள் வர்றதுக்கு முன்னால நாமளே பாத்துரலாம்னு, கனிஷ்காவை ஆபீஸ் ரூமுக்குக் கூப்பிட்டாங்க. நான், சங்கவி டீச்சர், ஹெச்.எம். கேள்வி நானே கேக்கறேன்னேன். பாடத்துல இருந்துதான் கேட்டேன். தாவரம் உணவை எப்படித் தயாரிக்குதுன்னு. ஜாடை காட்டிருவாங்களோன்னு, கேக்கறப்ப சங்கவி டீச்சர் மேலயே ஒரு கண்ணு வெச்சுக்கிட்டு அக்கட்டால, அவங்க பக்கம் திரும்பிக்கிட்டுக் கேட்டேன். அந்தப் புள்ளை நிக்குது. மறுபடியும் கேட்டேன். நிக்குது. "பாத்தீங்களா டீச்சர்"னு ஹெச்.எம்.கிட்டச் சொன்னேன்.

சங்கவி டீச்சர் அதே கேள்வியை ஒரு தாள்ல எழுதி அவ முன்னால வெச்சாங்க. அவ உக்காந்து ஒரு பக்கம் எழுதுனா. சின்ன ல போட்ட ஒலிதான். மத்ததெல்லாம் சரி.

"எழுதுனா எழுதறா, கேட்டா நிக்கறா. இதுக்கு என்ன அர்த்தம்?"னு ஹெச்.எம். கேட்டாங்க.

"சொல்லிக் குடுத்து வெச்சிருக்கறாங்கன்னு அர்த்தம்"னேன் நான்.

சங்கவி டீச்சர் அலமாரி மேல இருந்த பித்தளை மணியை எடுத்து என் கையில குடுத்தாங்க. பீரியட் முடிஞ்சா அடிப்போமே, அந்த மணி. "சார், அவ பின்னால நின்னு அடிங்க"ன்னாங்க. அவ அதுக்குள்ள அடுத்த தாள்ல குனிஞ்சு எழுதிக்கிட்டு இருக்கறா. நான் அவ முதுகுக்குப் பின்னால நின்னு அடிச்சேன். பள்ளிக்கூடமே பீரியட் முடிஞ்சுதுன்னு எந்திரிச்சிருச்சு. பக்கத்து வகுப்புல இருந்து புள்ளைங்க வெளிய ஓடி வருது. அவ எழுதிக்கிட்டே இருக்கறா. பேனா நிக்கலை.

நாகரத்தினம் டீச்சர் முந்தானையில கண்ணைத் தொடச்சுக்கிட்டாங்க. எனக்கு அப்பவும் உறுதியாத் தெரியலைங்க. நடிக்கத் தெரிஞ்ச புள்ளைங்க இருக்குது. காது கேக்காம ஒரு புள்ளை ஏழாவது வரைக்கும் வந்திருமா? பெத்தவங்களுக்குத் தெரியாமயா இருக்கும்? அதைத்தான் கேட்டேன். நியாயமான கேள்விதானே?

அன்னைக்குப் பொழுதோட நானே அவங்க ஊட்டுக்குப் போனேன். யாரும் சொல்லிப் போகலை. நேர்ல பாத்தாத்தான் எனக்கு மனசு ஆறும்.

ஊட்டுக்குள்ளயேதான் தறி. நீங்க திருப்பூர்க்காரர், தறிச் சத்தம் தெரியும். ஆறு தறி ஒரே கொட்டாய்ல ஓடுனா, நம்ம நெனப்பே நமக்குக் கேக்காது. அவங்க அப்பன் அந்தக் கோடியில நூல் முடியறான். அம்மா இந்தக் கோடியில. நான் வந்ததைப் பாத்துட்டு அந்தம்மா வாயை மட்டும் அசைச்சுது. சத்தமே இல்லை. அவன் அங்கிருந்து வாயசைச்சுப் பதில் சொல்றான். கையில ஒரு ஜாடை. கனிஷ்கா ரெண்டு பேத்தையும் பாத்துட்டு உள்ள போய்ச் சொம்புல தண்ணி கொண்டாந்து எனக்குக் குடுத்துச்சு. அந்தக் கொட்டாய்ல காது யாருக்குமே வேலையில்லைங்க. எல்லாம் வாயைப் பாத்துத்தான். அவ பொறந்ததுல இருந்து அங்கதான் வளந்திருக்கறா. எப்பக் கேக்காமப் போச்சுன்னு யாருக்குத் தெரியும்?

தறியை நிறுத்திட்டு அந்தம்மா வெளிய வந்துச்சு. நான் விசயத்தைச் சொன்னேன். அதுக்கு நம்பிக்கையே வரலை. "அதெல்லாம் இல்லைங்க சார். நாங்க சொல்றதெல்லாம் அவளுக்குப் புரியுதே. டீச்சர் சொல்றதும் கொஞ்சம் புரியுதுங்கறா. நீங்க சொல்றதுதான் ஒண்ணும் புரியலையாம். சொல்லலாமோ என்னமோ."

"சொல்லும்மா."

"சாருக்கு மீசை பெருசா இருக்குது, வாயே தெரியறதில்லைன்னு அவ சொல்லுவாளுங்க. நானும் வெளையாட்டுக்குச் சொல்றாள்னு விட்டுட்டேன்."

அப்ப எனக்கு மீசை இருந்துச்சுங்க. கல்யாணத்துக்கு முன்னால வெச்சது. மேலுதட்டை மூடி, கீழுதடு வரைக்கும் இருக்கும். இந்த ஊருல மீசைக்கார வாத்தியார்னாத்தான் என்னைத் தெரியும். அந்த வாரமே எடுத்துட்டேன். நெம்ப நாளா எடுக்கோணும்னுதான் இருந்தேன், வெக்கையில கசகசன்னு இருந்துச்சு. ஆமா, ஐப்பசி மாசந்தான். ஐப்பசி மழையில வெக்கை இருக்காதுங்களா? எனக்கு இருக்கும். எங்க ஊட்டம்மா கதவைத் தொறந்துட்டு யாரு வேணும்னு கேட்டா. அதையெல்லாம் எதுக்குச் சொல்லிக்கிட்டு.

அப்பறம் விசாரணைக்கு ஆள் வந்தாங்க. ஒரு அம்மா, கண்ணாடி போட்டவங்க. என்னைக் கூப்பிட்டு, "நீங்க எழுதுனதெல்லாம் உண்மைங்களா சார்?"னு கேட்டாங்க.

"சந்தேகம்னுதானுங்க எழுதியிருக்கேன். எனக்குச் சந்தேகம் இருந்தது உண்மை"ன்னேன்.

"இப்பவும் இருக்குதுங்களா?"

யோசிச்சுட்டு, "வினாத்தாள் விசயத்துல இல்லைங்க. டி.வி. விசயத்துல இருக்குது"ன்னேன். அதைத்தான் அவங்க எழுதிக்கிட்டாங்க. தப்பு நடக்கலைன்னு முடிவாச்சு. ஆனா, கெணத்துப் பேய் விசயம் இருந்துச்சுல்ல, அதுக்காக, மேல இருந்து விவரம் வர்ற வரைக்கும் டி.வி.யைப் போட வேண்டாம்னு சொல்லிட்டுப் போனாங்க. விவரம் போன மாசமே வந்துருச்சு. டீச்சர் கூடவே இருக்கோணும், தானா அடுத்ததுக்குப் போகாம நிறுத்தி வெக்கோணும், அவ்வளவுதான். ஆனா அதுக்குள்ள சங்கவி டீச்சர் கெளம்பிட்டாங்க. யாரும் அவங்களை அனுப்பலை தம்பி, அதையும் கவனிச்சுக்கோங்க. அவங்களாக் கேட்டு, சொந்த ஊருப் பக்கம் மாத்தல் வாங்கிக்கிட்டாங்க. ஒரு விசாரணைன்னு வந்ததுக்கப்பறம் இங்க இருக்க மனசு வரலைன்னு ஹெச்.எம்.கிட்டச் சொன்னாங்களாம். என்கிட்டச் சொல்லலை. என்கிட்டச் சொன்னது ஒண்ணே ஒண்ணுதான். பையைத் தூக்கிக்கிட்டு வாசல்ல நின்னுக்கிட்டு, "புள்ளைங்க பக்கம் திரும்பி நின்னு பேசுங்க சார்"னாங்க. எனக்கே பாடம்.

போறதுக்கு முன்னால ஒரு காரியம் பண்ணிட்டாங்க. அந்தப் புள்ளையையும் அவங்க அம்மாவையும் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போய்க் காட்டி, காதுக்கு மிஷின் வாங்கிக் குடுத்துட்டாங்க. அரசாங்கத்துலயே குடுக்கறாங்களாம். புளியங்கொட்டை அளவுன்னு நெனச்சேன், இல்லை, அதைவிடக் கொஞ்சம் பெருசு, காதுக்குப் பின்னால மாட்டற மாதர. மிஷின் வந்தாச்சு, இனி என்ன பிரச்சினைன்னு நானும் நெனச்சேன். மிஷின் நல்லா இழுக்கட்டும்னு, தொண்டையைத் தொறந்து நடத்தினேன். மூணாவது வீதிக்குக் கேக்கற மாதர. மொதல் நாள் அந்தப் புள்ளை ரெண்டு கையாலயும் காதைப் பொத்துச்சு. அடுத்த நாள்ல இருந்து, நான் உள்ள போனதும் மிஷினைக் கழட்டிப் பெட்டியில போட்டுக்குது. மத்த பீரியட்ல மாட்டிக்குது. என் பீரியட்ல மட்டும் கழட்டிடுது.

பேட்டரி மிச்சம் பண்றாளாட்ட இருக்குதுன்னு நெனச்சேன். கூட இருக்கற புள்ளைங்க வேற சொல்லுது. "நீங்க கத்தறது அவளுக்குள்ள இடி இடிச்ச மாதர இருக்குதாம் சார்"ங்குது. புள்ளைங்க பேச்சை முழுசா நம்பக்கூடாதுங்க. முழுசா நம்பாமயும் இருக்க முடியலை. அரையாண்டுல என் பாடத்துல இருபத்திரண்டு. அறிவியல்ல, டி.வி. நின்னதுக்கப்பறம், முப்பத்தஞ்சு.

எண்பத்தாறு எங்க, முப்பத்தஞ்சு எங்க.

இதான் சேதி. உள்ள வர்றப்ப சன்னல் வழியாப் பாத்துட்டு நீங்க கேட்டீங்கல்ல, டி.வி. மேல எதுக்குத் துணி போத்தியிருக்குதுன்னு.

என்னுங்க? மெதுவாச் சொல்லுங்க. பயன்படுத்தாமக் கெடக்குதுன்னு தாமோதரனுக்குச் சேதி வந்துச்சா? கழட்டி எடுத்துட்டுப் போய்த் திருப்பூர்ல வேற பள்ளிக்கூடத்துக்குக் குடுக்கறதாமா. வண்டி வாசல்ல நிக்குதா.

நான் அப்பவே நெனச்சேன். நீங்க டீ வேண்டாம்னப்பவே நெனச்சேன்.

யாரு சொன்னதுங்க பயன்படுத்தலைன்னு? பேரைச் சொல்லுங்க. சொல்ல மாட்டீங்க. சரி. தம்பி, குடுத்த பொருள் குடுத்ததுதான். எங்க இருப்புல ஏத்தியாச்சு, நம்பர் போட்டாச்சு. ஒரு ஸ்டூலைக் கழட்டறதுன்னாலே எழுதிக் கேட்டு, மேல இருந்து உத்தரவு வரோணும். இது டி.வி. ஹெச்.எம். இல்லாத நாள்ல, பொறுப்புல இருக்கறவன் கையில இருந்து டி.வி.யைக் கழட்டி வண்டியில ஏத்தறதா? நாளைக்கு என்னைக் கேப்பாங்களா, உங்களைக் கேப்பாங்களா? தாமோதரன் வேணும்னா அவனே வரட்டும். வந்து என் மூஞ்சியைப் பாத்துக் கேக்கட்டும்.

கோவிச்சுக்காதீங்க. எந்திரிங்க. பாத்துட்டு வரச் சொன்னாங்கல்ல, வந்து பாருங்க. இப்ப ஏழாவதுல என் பீரியட்தான். சும்மா வராம எனக்கு ஒரு ஒத்தாசை பண்ணுங்க. இந்தாங்க ரிமோட்டு, என் மேசையிலதான் வெச்சிருந்தேன். போடறது எனக்குத் தெரியும், சத்தம் கூட்டறது கொறைக்கறது தெரியும். ரெண்டு நாளா எல்லாரும் போனப்பறம் நோண்டிப் பாத்துட்டேன். கீழ எழுத்து ஓடுமே, அது மட்டும் எனக்கு வர மாட்டேங்குது. அதை வர வெச்சுக் காட்டிட்டுப் போங்க.

அந்தப் புள்ளைக்காகன்னு நெனச்சுக்காதீங்க. அது எழுதறதுல ஆயிரத்தெட்டு தப்பு வருது. அதை நம்பி எப்படி விடறது? ஒரு ஆளு பக்கத்துல நிக்கோணும். அது வேறுன்னு போட்டா நிறுத்திப்போட்டு, வேர்னு பலகையில எழுதி, புள்ளைங்க பக்கம் திரும்பிச் சொல்லோணும். அது ஓடும், நான் நிப்பேன். நான் ஒரு கண்ணு வெச்சிருக்கறது அதுக்கும் தெரியோணும்.

வாங்க. சத்தம் போடாம வாங்க. நான் இல்லைன்னா என்ன பண்ணுதுங்கன்னு மொதல்ல வாசல்ல நின்னு பாக்கறது என் பழக்கம். அதோ, சன்னல் ஓரத்துல, பச்சை ரிப்பன். என்னைப் பாத்துட்டா. பாருங்க, உடனே மிஷினைக் கழட்டறா.

கனிஷ்கா. இங்க முன்னால வந்து உக்காரு, சாமி.

பாத்தீங்களா தம்பி. நான் சத்தமே போடலை. எந்திரிச்சு வர்றா.